பழி கியருக்கு, பிழை எர்த்துக்கு

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி கியர் பாக்ஸைத் திட்டுகின்றன, பாதி பேட்டரியைத் திட்டுகின்றன. படித்துப் பார்த்ததில் இரண்டு கட்சிக்கும் எதிரி பெரும்பாலும் ஒரே ஆள் என்று தெரிந்தது. அதனால் எல்லாவற்றையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டேன்.

*ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி*

கே: காரில் எர்த், எர்த் என்கிறார்கள். நான்கு டயரும் ரப்பர். மண்ணையே தொடாத வண்டிக்கு ஏது எர்த்?

ப: ஐயா, உங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் இதைக் கேட்டிருந்தால் வெளியே நிற்க வைத்திருப்பீர்கள். ஆனால் அசல் கேள்வி. வீட்டு எர்த் மண்ணுக்குள் போகிறது, உயிர் காக்க. கார் எர்த்துக்கும் மண்ணுக்கும் பெயரைத் தவிர உறவில்லை. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கிளம்பும் கரன்ட், விளக்கிலோ ஹாரனிலோ வேலையை முடித்துக்கொண்டு நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் திரும்பி வரத் தனி ஒயர் இழுத்தால் செலவு, எடை. சும்மா கிடக்கும் இரும்பு பாடியையே திரும்பும் பாதையாக்கி, அதற்கு எர்த் என்று பெயர் வைத்துவிட்டார்கள். போக பஸ் இருந்து, திரும்பி வர பஸ் இல்லாத ஊருக்கு யாரும் கிளம்ப மாட்டார்கள் அல்லவா? கரன்ட்டும் கிளம்பாது.

ஒரே ஒரு சிக்கல். இன்ஜினும் கியர் பாக்ஸும் பாடியைத் தொடுவதில்லை. ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கும் பாடிக்கும் நடுவே தனியாக ஒரு செம்புப் பட்டையோ தடித்த ஒயரோ போட்டிருப்பார்கள். கீழே வரும் சண்டைகளில் பாதி அந்த ஒரு முழ நீளத்தால் வருபவை.

*வேன் ஓனர், ஒட்டன்சத்திரம்*

கே: ஒரே வருடத்தில் மூன்று கிளட்ச் கேபிள் மாற்றிவிட்டேன். கியர் கர்ரென்று விழுகிறது. காலையில் செல்ஃப் அடிக்கும்போது லேசாகப் புகை வாடை வேறு. கியர் பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். இறக்கலாமா?

ப: இறக்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. வாடை வருவது கிளட்சை மிதிக்கும்போது இல்லை, செல்ஃப் அடிக்கும்போது. ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜினைச் சுழற்றவே செல்ஃப் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். அத்தனையும் இன்ஜின் பிளாக் வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். நடுவில் எர்த் பட்டை அறுந்திருந்தால், இன்ஜினையும் பாடியையும் தொடும் வேறு எந்த உலோகம் கிடைத்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், கியர் கேபிள். கிளட்சை இழுக்க வைத்த கம்பி ஹீட்டர் காயில் உத்தியோகம் பார்க்க ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகும், கிரீஸ் காயும், கேபிள் இறுகும். கிளட்ச் முழுசாக விடுபடாது, கியர் கர்ரென்னும். உடனே கியர் பாக்ஸ் மேல் கேஸ் போட்டுவிடுவோம்.

அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். என் பழைய வேனுக்கும் இதே வியாதி வந்தது. கேபிள் மாற்றினோம். கிளட்ச் பிளேட் மாற்றினோம். பிறகு பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும். (மெக்கானிக் பெயர் வேண்டாம், இன்னும் தெருவில் எதிர்ப்படுகிறார்.) கடைசியில் பாலிடெக்னிக் முடித்து ஆறு மாதம்கூட ஆகாத எலெக்ட்ரீஷியன் தம்பி ஒருவன், டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போனவன் வெளியே வரவே இல்லை. 'அண்ணே, இங்க குனிஞ்சு பாருங்க' என்றான். பின்னிய செம்புப் பட்டை, பாசி பிடித்த குளத்துப் படி மாதிரி பச்சையாக இருந்தது. விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. மிஞ்சியிருந்தவை நாலைந்து இழைகள். பாடி பக்கத்து போல்ட் இன்னும் விசேஷம். முந்தின வருடம் டிங்கரிங் பெயின்டிங் முடித்தவர்கள் புது பெயின்ட் மேலேயே அதை முடுக்கியிருந்தார்கள். கரன்ட்டைப் பொறுத்தவரை பெயின்ட் என்பது பூட்டிய கதவு.

தம்பி உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தான். புதுப் பட்டை, பல் வைத்த வாஷர், முடுக்கிய பிறகு மேலாக வாசலைன். ஒரு டீ ஆறும் நேரம். அவன் கேட்ட கூலியை இங்கே எழுதினால் பழைய பில்களைப் பற்றி என் வீட்டில் விசாரணைக் கமிஷன் வரும். எழுதவில்லை.

*பொறியியல் மாணவர், கோவை*

கே: மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி வைத்தேன். அழகாக பீப் அடித்தது. எர்த் சரிதானே?

ப: ஒரு இழையாவது உயிரோடு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. ஒற்றையடிப் பாதையும் பாதைதான் தம்பி, அதில் லாரி போகுமா? கணக்கைப் பாருங்கள். எர்த்தில் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். அதன் கண்ணுக்கு 0.01 தெரியவே தெரியாது. ஆனால் 150 ஆம்பியர் போகும்போது அந்த 0.01 ஓம் 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். பேட்டரியில் எட்டில் ஒரு பங்கு நடுவழியில் காலி.

அதனால் கரன்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈய முளையில். கிளாம்ப்பில் வைக்காதீர்கள், கிளாம்ப்பும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் மேலே. இப்போது நண்பரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சபாஷ். 0.5 தாண்டினால் திருடன் அகப்பட்டான். சிவப்பு முனையைப் பாடிக்கு மாற்றி இன்னொரு தடவை அளந்தால், திருட்டு பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவிலா, பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவிலா என்பதும் தெரிந்துவிடும்.

மீட்டர் கையில் இல்லையா? ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினின் வெறும் உலோகத்திலும் மாட்டுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. முக்கி முனகிய செல்ஃப் சட்டென்று எடுத்தால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

*இல்லத்தரசி, காரைக்குடி*

கே: நான் பிரேக் போட்டால் பின்னால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறதாம். பின்னால் வருகிறவர்கள் திட்டுகிறார்கள். வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது என்கிறார் மாமியார்.

ப: வேப்பிலை வேண்டாம் அம்மா. பின் விளக்குக் கூட்டின் எர்த் போயிருக்கிறது. பிரேக் விளக்குக்கு வந்த கரன்ட் தன் வழியில் திரும்ப முடியாமல், பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுவரேறிக் குதித்து ஓடுகிறது. ஓடும் வழியில் அந்த பல்பும் மங்கலாக எரிகிறது. டிக்கியைத் திறந்து, பின் விளக்கிலிருந்து வரும் கறுப்பு அல்லது பிரவுன் ஒயர் பாடியில் முடுக்கியிருக்கும் இடத்தைக் கழற்றித் தேய்த்து மாட்டச் சொல்லுங்கள். சில வண்டிகளில் பல்பு ஹோல்டரின் தகடே கருகியிருக்கும், அதையும் பார்க்க வேண்டும். மாமியாரிடம் பேயை ஓட்டியது நீங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

*கால் டாக்ஸி டிரைவர், தாம்பரம்*

கே: ஏஎம்டி வண்டி. சிக்னலில் நிற்கும்போது தானாக நியூட்ரலுக்குப் போய் 'என்' மினுக்குகிறது. ஆஃப் செய்து மறுபடி போட்டால் ஓடுகிறது. கியர் பாக்ஸ் போச்சா சார்?

ப: அவசரப்பட்டு அழாதீர்கள். ஏஎம்டி என்பது ஆட்டோமேட்டிக் வேஷம் கட்டிய மேனுவல். 2014-ல் செலிரியோவோடு நம் ஊர்த் தெருவுக்கு வந்தது. உள்ளே அதே கிளட்ச் பிளேட், அதே பல் சக்கரங்கள். உங்கள் இடது காலும் இடது கையும் செய்த வேலையை மோட்டாரும் வால்வுகளும் செய்கின்றன. அவற்றை மேய்ப்பது ஒரு கம்ப்யூட்டர். வோல்ட்டேஜ் ஒரு கணம் படுத்தாலும், 'கிளட்ச் எங்கே இருக்கிறது என்று எனக்கு நிச்சயமில்லை, எதற்கு வம்பு' என்று நியூட்ரலில் உட்கார்ந்துவிடும்.

சிக்னலில் மட்டும் வருகிறது என்கிறீர்கள். அங்கேதான் இன்ஜின் ஐடிலில் இருக்கும், ஏசி ஓடும், ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் ஒரே இலையில் கை வைக்கும். வயதான பேட்டரியும் தளர்ந்த டெர்மினலும் இருந்தால் அந்த இடத்தில் வழுக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவுக்கு இருக்கிறதா, இன்ஜின் ஓடும்போது 13.8-க்கு மேல் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இரண்டு டெர்மினலையும் கையால் திருகுங்கள். திரும்பினால் கோளாறு அங்கேயே. பிறகு இன்ஜின் எர்த், கியர் பாக்ஸ் எர்த். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் ஸ்கேனர் மாட்டி கிளட்ச் தேய்மானம், ஆக்சுவேட்டர் என்று போக வேண்டும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். மேம்பால ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியை நிறுத்தி வைக்கிற பழக்கம் டாக்ஸிக்காரர்களுக்கு உண்டு. ஏஎம்டியில் அது அரை கிளட்ச். பிளேட் தோசைக்கல்லில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பிரேக்கை மிதியுங்கள்.

*புது மாப்பிள்ளை, பொள்ளாச்சி*

கே: வால்பாறை ஏறும்போது இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை. கருகிய வாடை. மனைவி முன்னால் மானம் போகிறது.

ப: 40 கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் மேலேயே கால் வைத்து ஏறியிருப்பீர்கள். இது எர்த் இல்லை, அசல் கிளட்ச் வழுக்கல். காலியான நேர்ச்சாலையில் டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதியுங்கள். இன்ஜின் வேகம் குப்பென்று ஏறி வண்டி வேகம் பின்தங்கினால் பிளேட் தேய்ந்துவிட்டது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த கல்யாண நாளுக்கு மறுபடி இறக்க வேண்டி வரும்.

*பெயர் வேண்டாம், கரூர்*

கே: ரிவர்ஸ் போடும்போது மட்டும் கரகரவென்று அரைக்கிறது. மற்ற கியரெல்லாம் வெண்ணெய். ஏன்?

ப: முன் கியர்களுக்கு நடுவில் ஒரு சமாதானத் தூதர் இருக்கிறார். சின்க்ரோமெஷ் என்று பெயர். 1928-ல் கேடிலாக் கார்களில் பதவியேற்றவர். சுற்றும் சக்கரத்தையும் நிற்கும் சக்கரத்தையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து கைகுலுக்க வைப்பார். ரிவர்ஸுக்குப் பல வண்டிகளில் அவரை நியமிப்பதில்லை, நின்ற பிறகுதானே போடப் போகிறார்கள் என்ற நம்பிக்கை. வண்டி முழுசாக நிற்கட்டும். கிளட்சை அடிவரை மிதித்து மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். அப்படியும் அரைத்தால் முதல் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸுக்கு வாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு எழுதிய பதிலை ஒரு முறை படித்துவிடுங்கள்.

*வங்கி ஊழியர், நாகர்கோவில்*

கே: ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. விளக்கின் சூடு இன்ஜினைத் தாக்குமா?

ப: தாக்காது. பழைய மாடல் வண்டி என்று நினைக்கிறேன். டாஷ்போர்டும் விளக்கும் ஒரே பழுதான எர்த்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. விளக்கு பெரிய சாப்பாட்டுராமன். அவன் கை வைத்ததும் முள்ளின் கணக்கு பிசகுகிறது. ரேடியேட்டரைத் தொட வேண்டாம், எர்த் போல்ட்டைத் தேடுங்கள். கடலோர மாவட்டக்காரர் நீங்கள், உப்புக் காற்றுக்கு எர்த் போல்ட் என்றால் கொள்ளை ஆசை.

*மருந்து விற்பனைப் பிரதிநிதி, சேலம்*

கே: ஆட்டோமேட்டிக் கார். நெடுஞ்சாலையில் திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொண்டு இழுக்கிறது, வேகம் ஏறவில்லை. கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள்.

ப: இதற்கு 'லிம்ப் மோடு' என்று பெயர், நொண்டி நடை. தனக்கு வரும் தகவலில் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்தால், பெரும்பாலும் மூன்றாவது கியரைப் பிடித்துக்கொண்டு, 'எப்படியாவது வீடு போய்ச் சேர்' என்று விட்டுவிடும். உள்ளே நிஜமாகவே ஏதோ உடைந்திருக்கலாம். தகவல் பொய்யாகவும் இருக்கலாம். பல சென்சார்கள் 5 வோல்ட் கணக்கில் பேசுபவை. எர்த்தில் அரை வோல்ட் தொங்கினால் கணக்கில் பத்து சதவீதம் பொய். பத்து சதவீதப் பொய்யை மனிதர்கள் நம்புவோம், கம்ப்யூட்டர் நம்பாது.

பெரிய தொகைக்குத் தலையாட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன பிழைக் குறியீடு வந்தது, எழுதித் தாருங்கள். எர்த்திலும் பேட்டரியிலும் வோல்ட்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று அளந்தீர்களா? கியர் ஆயில் எந்த நிறத்தில் இருக்கிறது? மூன்றுக்கும் பதில் வராத கடையில் கியர் பாக்ஸைக் கொடுக்காதீர்கள்.

*அதே சேலத்துக்காரர், மறுநாள் தபாலில்*

கே: ஆயிலைக் கேட்டேன். 'லைஃப்டைம் ஆயில், பார்க்கவே வேண்டாம்' என்றார்கள்.

ப: யாருடைய லைஃப் என்று கேட்டிருக்க வேண்டும். வண்டியோடு வரும் கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்குத் தனி அட்டவணை போட்டிருப்பார்கள். நின்று நின்று போகும் நெரிசல், தூசி, கடும் வெயில் எல்லாம் அதில் அடங்கும். அதாவது நம் ஊர். ஆட்டோமேட்டிக் ஆயில் புதிதில் பெரும்பாலும் சிவப்பு. பழுப்பேறி, கருகிய வாடை அடித்தால் உள்ளே பிளேட் கருகிக்கொண்டிருக்கிறது. வேறு ரக ஆயிலை ஊற்றி ஒப்பேற்றவும் கூடாது. சிவிடி வண்டிகளில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே இரும்பு பெல்ட் ஓடுகிறது. அதற்கென்று உள்ள ஆயில் இல்லாமல் போனால் பெல்ட் வழுக்கி, கப்பியைச் சுரண்டிவிடும். கையேட்டில் எந்த ரகம் எழுதியிருக்கிறதோ அதுதான், கடைக்காரர் 'ரெண்டும் ஒண்ணுதான் சார்' என்று சத்தியம் செய்தாலும்.

*குடியிருப்புவாசி, வேளச்சேரி*

கே: 2015 டிசம்பரிலும் பார்த்தோம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பார்த்தோம். கார் தண்ணீரில் நின்றால் முதலில் என்ன செய்வது?

ப: எதுவும் செய்யாமல் இருப்பது. சாவியைத் திருப்பிப் பார்க்கலாமே என்று கை அரிக்கும், கட்டிப் போடுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் வடிந்ததும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். கியர் பாக்ஸுக்கு மூச்சு விட ஒரு சின்னத் துவாரம் உண்டு, அதன் வழியாக உள்ளே தண்ணீர் போகும். ஆயிலை இறக்கிப் பார்த்தால் பால் விட்ட டீ நிறத்தில் வரும். வந்தால் முழுவதும் மாற்ற வேண்டும்.

ஆனால் வெள்ளத்தின் அசல் சீர்வரிசை மாதங்கள் கழித்துத்தான் வரும். கார்ப்பெட்டுக்கு அடியில் எர்த் போல்ட்டுகள் பச்சைப் பொடி கட்டும், கனெக்டர் பின்கள் கறுக்கும். ஒரு நாள் கண்ணாடி இறங்காது, மறுநாள் கியர் விழாது, மூன்றாம் நாள் எல்லாம் சரியாக இருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் சீட்டைத் தட்டிப் பார்த்துத் திருப்தி அடையாமல், கார்ப்பெட்டைத் தூக்கி எர்த் போல்ட்டைப் பாருங்கள். விற்பவர் நெளிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், வண்டியை விட்டுவிடுங்கள்.

*கல்லூரி மாணவர், திருச்சி*

கே: கலர் கலராக எக்ஸ்ட்ரா எர்த் ஒயர் கிட் விற்கிறார்கள். மைலேஜும் பிக்கப்பும் கூடுமாமே?

ப: இருக்கிற எர்த் கெட்டுப்போயிருந்தால் கூடும். அதற்கு இருக்கிற எர்த்தைத் தேய்த்தாலே போதும். நன்றாக இருக்கிற வண்டியில் மாட்டினால் பானட்டைத் திறக்கும்போது அழகாக இருக்கும்.

*வயல் நடுவே வீடு, கும்பகோணம்*

கே: எலி ஒயரைக் கடிக்கிறது. புகையிலை கட்டினேன், பாச்சை உருண்டை போட்டேன். எலி பெருத்ததுதான் மிச்சம்.

ப: எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். உங்கள் எலி ஏசி வளையே பிடித்துவிட்டது. ராத்திரி பானட்டைத் திறந்து வைத்தால் கதகதப்பும் இருட்டும் போய்விடும், அதற்கு வேறு இடம் தேடும். அடியில் வலை அடிக்கலாம். கடித்த ஒயரை வெறும் டேப் சுற்றி விடாதீர்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்து உறை போடச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இடம் ஆறு மாதத்தில் பச்சை பிடிக்கும், அப்போது நீங்கள் மறுபடி கியர் பாக்ஸைத் திட்டி எனக்குக் கடிதம் போடுவீர்கள்.

*பழைய கார் பிரியர், பாடி*

கே: தாத்தாவின் பிரிட்டிஷ் காரில் பாசிட்டிவ்தான் பாடியில் மாட்டியிருக்கிறது. யாரோ மாற்றி மாட்டிவிட்டார்களா?

ப: கை வைக்காதீர்கள்! அந்தக் காலத்து மோரிஸ் போன்ற பிரிட்டிஷ் கார்களில் அதுதான் முறை, பாசிட்டிவ் எர்த். திருப்பி மாட்டினால் ரேடியோ இருந்தால் முதலில் அது புகையும். அந்த வண்டிகளுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் நிறுவனத்தின் நிறுவனரை 'இருட்டின் இளவரசர்' என்று கிண்டல் செய்வார்கள் அந்த ஊர்க்காரர்கள். நீங்கள் பாடியில் இருந்துகொண்டு, லூகாஸ் ஸ்டாப்பில் பஸ் ஏறிக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது.

*தையல் கடை, விருதுநகர்*

கே: பேட்டரி கழற்றும்போது எந்த ஒயரை முதலில் கழற்ற வேண்டும்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ப: நெகட்டிவ் எர்த் வண்டியில் நெகட்டிவ் முதலில் கழற்றணும், கடைசியில் மாட்டணும். பாசிட்டிவில் கை வைத்திருக்கும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீபாவளிதான். நெகட்டிவ் கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்குச் சமையல் சோடா கலந்த வெந்நீர் போதும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், அது அமிலம். மோதிரத்தையும் கழற்றி வையுங்கள்.

அடுத்த வாரத்துக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'வண்டி ஒரு மாதிரியா இருக்கு' என்று மட்டும் எழுதினால் நானும் ஒரு மாதிரியாகத்தான் பதில் சொல்ல முடியும். மாடல், வருடம், ஓடிய கிலோமீட்டர், மேனுவலா ஏஎம்டியா சிவிடியா, கோளாறு வருவது குளிர்ந்த இன்ஜினிலா சூடான பிறகா, கடைசியாக யார் எதைக் கழற்றி மாட்டினார்கள் என்பதை எழுதுங்கள். செல்ஃப் அடிக்கும்போது எர்த்தில் எத்தனை வோல்ட் காட்டியது என்று அளந்து எழுதுகிற கடிதத்துக்கு முதலில் பதில் போடுகிறேன்.